பூத்தல் சதவீதம்

பிப்ரவரி 3, திங்கள்

விதை வந்துவிட்டது. மழைக்கோட்டு வரவில்லை. இரண்டுக்கும் ஒரே நாளில் எழுதிப் போட்டதுதான். மலையில் வேலை பார்க்கும் தோட்டக்கலை அலுவலர் நனைந்தால் பரவாயில்லை என்று மேலே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

பெட்டூனியா, சால்வியா, பான்சி, செண்டுமல்லி எல்லாவற்றையும் இன்று நாற்றங்காலில் விதைத்தோம். மே 17 மலர்க் கண்காட்சி. அன்றைக்கு வெண்முடி அரசுப் பூங்காவின் அத்தனை பாத்தியும் பூத்துக் குலுங்க வேண்டும். அமைச்சர் வந்து திறந்துவைப்பார். எனக்கு இது நான்காவது கண்காட்சி. இதுவே கடைசி என்று இணை இயக்குநர் சத்தியசீலன் வாக்குக் கொடுத்திருக்கிறார். "இந்த வருஷத்த மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடுத்துருங்க கலியமூர்த்தி. அடுத்த வாரமே கும்பகோணத்துக்கு ஆர்டர். நானே கையில கொண்டாந்து தரேன்."

எனக்கு முன்னால் இங்கே ராஜபாண்டி என்பவர் இருந்தார். அவர் காலத்தில் விழா அன்று ஒரு பாத்தியிலும் பூ இல்லை. தண்டனையாக அவரைக் கும்பகோணத்துக்குத் தூக்கி அடித்தார்கள். அவர் நாகர்கோவில்காரர், வெயில் தாங்கவில்லை, கொசு தாங்கவில்லை என்று இன்றைக்கும் புலம்புகிறாராம். நான் கும்பகோணத்துக்காரன். என் வேலை திருப்தியாக இருந்ததால் என்னை இந்தக் குளிரில் கொண்டுவந்து போட்டார்கள்.

குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நிற்கும் வாழைக்கு இன்று சாக்கு சுற்றினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பூவன் கன்று. அங்கே இருந்திருந்தால் வாரத்துக்கு ஒரு இலை விட்டு இந்நேரம் மூன்று தார் தள்ளியிருக்கும். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு இலை. அதுவும் விரிவதற்குள் உறைபனி பட்டுக் கருகிவிடும். வாழைக்குக் குளிர் ஆகாது என்பது படித்த எனக்குத் தெரியாதா? இருந்தாலும் இலை போட்டுச் சாப்பிட்டுப் பழகிய கை.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்றும் முளைக்கவில்லை. சளி பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

முளைத்தது. முளைத்ததில் பாதி அழுகியது. ஒரு வாரமாக மூடுபனி விலகவில்லை. மண் காய்ந்தால்தானே வேர் மூச்சு விடும். நாற்றின் கழுத்து கறுத்து, சொல்லிவைத்தாற்போல் சாய்கிறது.

மேஸ்திரி ஆரோக்கியமேரி முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வெயில் அடிக்கும் சார், வலி இல்ல பாருங்க" என்றார். இந்த அம்மாளின் முழங்கால் வானிலை நிலையத்தை நம்பி நான் மூன்று முறை துணி துவைத்து ஏமாந்திருக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மூடுபனி. முழங்கால் சமாச்சாரத்தை நினைவுபடுத்தினேன். "அது இன்னொரு காலு சார்" என்றார்.

மார்ச் 3, திங்கள்

காணொளிக் கூட்டம். இனி திங்கள்தோறும் 'பூத்தல் முன்னேற்ற அறிக்கை' அனுப்ப வேண்டுமாம். சத்தியசீலன் கேட்டார்: "வெண்முடி, பூத்தல் எத்தனை சதவீதம்?"

"சார், இப்பத்தான் நாத்து ரெண்டு இலை விட்ருக்கு."

"அத கேக்கல. சதவீதம்."

"பூஜ்யம் சார்."

"பூஜ்யம்னு அனுப்பினா மேல என்ன நெனப்பாங்க? ஒரு மாசமா நாம தூங்குறோம்னு நெனப்பாங்க. ஒரு பத்தாவது போடுங்க."

பத்து போட்டேன். தாளில் பத்து சதவீதம் பூத்தது.

மார்ச் 17, திங்கள்

அறிக்கை: 30. உண்மையில் செடி என் கட்டைவிரல் உயரம்.

சாயங்காலம் இளமதி பேசினாள். நான் மலையேறியபோது அவளுக்கு ஐந்து வயது. இப்போது ஒன்பது. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பாள். சாப்பிட்டாயா என்றால் 'ம்' என்பாள். ஆனால் போனை வாங்கியதும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அங்க மழையாப்பா?"

"மழை இல்லம்மா. பனி."

"இங்க வெயிலுப்பா. இந்தாங்க, அம்மாகிட்ட குடுக்குறேன்."

நானும் என் மகளும் நான்கு வருஷமாக வானிலை அறிக்கைதான் பரிமாறிக்கொள்கிறோம். ரேடியோவில் மீனவர்களுக்கு வாசிப்பார்களே, அந்த மாதிரி.

தில்லைநாயகி போனை வாங்கியதும், பின்பக்க அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். "மே கடைசியில வந்துருவீங்கல்ல? புஸ்தகமெல்லாம் வெக்க அலமாரி போடச் சொல்லட்டுமா?" போடச் சொன்னேன். அவள் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை. வேலையை விட்டு அவளால் இங்கே வர முடியாது. குளிர் பட்டால் இழுப்பு வேறு வந்துவிடும். நான்தான் போக வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

இந்த வாரம் குளிர் கூடிவிட்டது, செடி நகரவேயில்லை. மனசாட்சி உறுத்தியதால் 30-ஐக் குறைத்து 25 என்று அனுப்பினேன்.

மார்ச் 26, புதன்

மெமோ வந்திருக்கிறது. 'கடந்த வாரம் எய்தப்பட்ட 30 விழுக்காட்டில் 5 விழுக்காடு குறைந்தமைக்கான காரணத்தை மூன்று தினங்களுக்குள் விளக்குக. வானிலை என்ற காரணம் சென்ற ஆண்டே தெரிவிக்கப்பட்டுவிட்டதால் மீண்டும் ஏற்கப்பட மாட்டாது.'

போன் போட்டேன். சத்தியசீலன் வாஞ்சையோடுதான் பேசினார். "அறிக்கைங்கிறது ஏணி மாதிரி கலியமூர்த்தி. ஏறத்தான் முடியும். எறங்குனா நாம விழுந்துட்டோம்னு அர்த்தம். ஒங்க ஃபைல் வேற என் டேபிள்ல இருக்கு. பாத்துக்குங்க."

'தட்டச்சுப் பிழை' என்று விளக்கம் எழுதினேன். வெயிலடித்தால் செடி வளரும், அடிக்காவிட்டால் வளராது என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். தட்டச்சுப் பிழையை உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

மார்ச் 31, திங்கள்

அறிக்கை: 40. விழாத் தேதி மாறிவிட்டது. மே 17 அமைச்சருக்குச் சந்திராஷ்டமமாம். மே 3-க்கு முன்னே தள்ளியிருக்கிறார்கள். இரண்டு வாரம் முன்னதாகப் பூக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. நகல் செடிகளுக்கு அனுப்பப்படவில்லை.

ஆரோக்கியமேரியின் ஆட்கள் பாத்திகளுக்கு மேல் மூங்கில் வளைத்து பாலிதீன் கூடாரம் போட்டார்கள். உள்ளே சூடு நின்றால் மொட்டு சீக்கிரம் வைக்கும். கூடாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தால் கும்பகோணத்தில் காலை பத்து மணிக்கு இருக்குமே, அந்தச் சூடு. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. சோதனைக்காகத்தான்.

ஏப்ரல் 9, புதன்

வானம் பளிச்சென்று திறந்துவிட்டது. கூடாரமும் சேர்ந்துகொள்ள, உள்ளே அடுப்பு. செண்டுமல்லிக்குக் கொண்டாட்டம், ஒரு வாரத்தில் முழ உயரம். பான்சிக்குத் திண்டாட்டம். அது குளிருக்குப் பிறந்தது. உடம்பு நீண்டு, தலை தொங்கி, காய்ச்சல்காரன் மாதிரி நிற்கிறது. ஒன்றுக்கு நல்லது செய்தால் இன்னொன்றுக்குக் கெடுதல். பான்சிப் பாத்தியின் கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னேன். "அப்ப அது லேட்டாகுமே சார்" என்றார் ஆரோக்கியமேரி. ஆகட்டும், சாகிறதைவிட லேட்டாகிறது மேல்.

வாழையில் குருத்து ஒன்று தலை காட்டியிருக்கிறது. இளம்பச்சை, ஊசி மாதிரி. பெரிதாகச் சொல்வதற்கில்லை. காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் பார்த்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. மெஸ்ஸில் பாயசம் என்று ஒன்று கொடுத்தார்கள். அறிக்கை: 65.

ஏப்ரல் 21, திங்கள்

எல்லாம் பூத்துவிட்டது.

காலையில் கதவைத் திறந்து பார்த்தால், கீழ்ப் பாத்தியிலிருந்து கண்ணாடி மாளிகை வரைக்கும் சிவப்பும் மஞ்சளும் ஊதாவும். பான்சிகூடத் தேறி எழுந்து முகத்தைக் காட்டுகிறது. வேலைக்கு வந்த பெண்கள் கூடையை இறக்கிவைக்காமல் அப்படியே நின்றார்கள். நான் நிற்கவில்லை, எனக்கு வேலை இருந்தது. வேலையை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

உண்மையில் நூறு சதவீதம். ஆனால் போன வாரம் 65 என்று சொல்லிவிட்டு இந்த வாரம் நூறு போட்டால், இன்னும் இரண்டு வாரத்துக்கு ஏற இடம் இருக்காதே. 75 என்று அனுப்பினேன். துறைக்கு நான் அனுப்பிய பொய்களில் உண்மையைவிடக் குறைவாக இருந்தது இது ஒன்றுதான்.

ஏப்ரல் 24, வியாழன்

விழா மறுபடியும் மே 17-க்கே போய்விட்டது. மே 3 அன்று அமைச்சரின் சம்பந்தி வீட்டில் காதுகுத்து. சந்திராஷ்டமம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஜோசியர் வேறு பஞ்சாங்கம் பார்த்துவிட்டாராம்.

இப்போது நிற்கிற பூ மே 17 வரை நிற்காது. வாடி, விதை கட்டிவிடும். விதை கட்டிய செடி தன் கடமை முடிந்தது என்று படுத்துவிடும். ஒரே வழி, எல்லாப் பூவையும் இப்போதே கிள்ளிவிடுவது. கிள்ளினால் செடி பதறிப்போய் மூன்று வாரத்தில் திரும்ப மொட்டு வைக்கும்.

உத்தரவு போட்டேன். அவ்வளவையும் சாக்குச் சாக்காகப் பறித்தார்கள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய கோப்புகளை அடுக்கினேன். மதியத்தில் ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுது சார். மொட்டத் தலையா இருக்கு. வந்து பாக்குறீங்களா?" பார்க்கவில்லை. பேருந்து நிலையத்து ஆடுகளெல்லாம் இன்று பெட்டூனியா சாப்பிட்டன.

ஏப்ரல் 28, திங்கள்

தோட்டத்தில் மருந்துக்கும் பூ இல்லை. அறிக்கை: 80.

மே 5, திங்கள்

வெயிலும் இளந்தூறலும் மாறி மாறி. செடிக்கு இதைவிட என்ன வேண்டும்? கிள்ளிய இடத்திலெல்லாம் இரண்டிரண்டு மொட்டு. அறிக்கை: 90.

பள்ளி விடுமுறை. தில்லை பேசினாள். வெள்ளையடித்து முடிந்துவிட்டது, அலமாரியும் வந்துவிட்டது. இளமதி அதில் மேல் தட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டாளாம். "அப்பா வந்தா கீழ்த் தட்டு போதும்னு சொல்றா. நீங்க வந்து சண்டை போட்டு வாங்கிக்குங்க."

போட வேண்டும். ஊரில் போய் ஒன்பது வயதுப் பிள்ளையோடு அலமாரித் தட்டுக்குச் சண்டை போட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்பதை எந்த மனுவிலும் எழுத முடியவில்லை. 'குடும்பச் சூழல் காரணமாக' என்றுதான் எழுத முடிகிறது.

மே 12, திங்கள்

அறிக்கை: 98. கிட்டத்தட்ட உண்மையும் அதுதான். தாளும் தோட்டமும் ஒத்துப்போவது இந்த வருஷத்தில் இதுவே முதல் தடவை.

மே 14, புதன்

மதியம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஆரோக்கியமேரி முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "சும்மா தூறும் சார்" என்றார். நெல்லிக்காய் அளவுக்கு ஆலங்கட்டி கொட்டியது. தகரக் கூரை அதிர்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

நான் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே ஆரோக்கியமேரி கத்தினார்: "சார், பாத்தி இந்தப் பக்கம்." குவார்ட்டர்ஸில் குடை எடுக்கப் போவதாகச் சொன்னேன். வாழைக் குருத்தின் மேல் சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டுத் திரும்பும்போது குடையை மறந்துவிட்டேன். அதை அந்த அம்மாள் கவனித்த மாதிரி தெரிந்தது.

மழை விட்டபோது பாத்திகளில் வெள்ளையாகக் கட்டிகள் கிடந்தன. அதன் அடியில் சிவப்பும் மஞ்சளும், கூழாக. ஒரு பூ மிச்சமில்லை. தண்டு மட்டும் நிற்கிறது.

மே 15, வியாழன்

பெண்கள் உடைந்த கிளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமேரி தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அருகில் கல்லில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க சார். அப்பிடியே விட்ருங்க."

"எத?"

"விழாவத்தான். நாளன்னைக்கு அமைச்சர் வரட்டும். பூ இல்லைன்னு பாக்கட்டும். ராஜபாண்டி சார என்ன பண்ணாங்க? நேரா உங்க ஊருக்குத்தான் தூக்கி அடிச்சாங்க. இப்பகூட அவரு எடத்த யாராச்சும் வாங்கிக்கிட்டாப் போதும்னுதான் கெடக்காராம். உங்களுக்கு அது தண்டனையா சார்?"

அந்தத் தேநீரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் நான் அதைப் பற்றி யோசித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். மழை எனக்காக எல்லா வேலையையும் முடித்துவிட்டுப் போயிருக்கிறது. கீழ்த் தட்டு காத்திருக்கிறது.

ஆனால் 98 என்று அனுப்பியாகிவிட்டதே. அறிக்கை இறங்கக் கூடாது. அதோடு, சத்தியசீலன் வாக்குக் கொடுத்திருக்கிறார். நல்ல பெயரோடு போகும்போது கெட்ட பெயரோடு ஏன் போக வேண்டும்? ராஜபாண்டி, கலியமூர்த்தி என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். என் பாத்தி ஒன்றுகூட இந்த நான்கு வருஷத்தில் விழா அன்று வெறுமையாக இருந்ததில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓசூரில் ஒரு பூ வியாபாரிக்குப் போன் போட்டேன். ஜெர்பரா, கார்னேஷன், சாமந்தி, எது இருந்தாலும் சரி, நீளக் காம்போடு ஒரு லாரி.

ஆரோக்கியமேரி டம்ளரை எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு ஊருக்குப் போகணும்னு இருக்கா, இல்லையா சார்?" என்று கேட்டார். அதிகப்பிரசங்கி.

மே 16, வெள்ளி

சத்தியசீலன் வந்துவிட்டார். அடிபட்ட செடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, மண்ணை நிரவி, வெட்டுப் பூவைச் செருகினால் பார்வையாக இருக்கும் என்றார். முதல் முறையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். வேர் நன்றாக இருக்கிறது. உடைந்ததைக் கிள்ளிவிட்டால் திரும்பத் துளிர்க்கும். ஒரு செடியைக்கூடப் பிடுங்கக் கூடாது, இடையிடையே செருகிக்கொள்ளலாம் என்றேன். "நாளான்னைக்குத் துளுத்து யாருக்கு ஆகப்போகுது?" என்றார். ஆனாலும் விட்டுவிட்டார்.

நாள் முழுக்கச் செருகினோம். தோட்டக்கலையில் முதுகலைப் பட்டம் வாங்கிய கையால் நானே கீழ்ப் பாத்தி முழுக்கச் செருகினேன்.

மே 17, சனி

பத்து மணிக்கு வர வேண்டிய அமைச்சர் ஒன்றரை மணிக்கு வந்தார். மூன்று நாளாக ஒளிந்திருந்த சூரியன் காலை எட்டிலிருந்தே வந்து காத்திருந்தது. வேரில்லாத பூ வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கும்? பன்னிரண்டு மணிக்கு ஜெர்பரா தலை தொங்க ஆரம்பித்தது. பெண்கள் குனிந்து குனிந்து தண்ணீர் தெளித்தார்கள். ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைக்க, அந்தப் பக்கம் இன்னொன்று சாயும்.

அமைச்சர் நாடா வெட்டினார். பாத்திகளைப் பார்த்தபடி நடந்தார். கீழ்ப் பாத்தியில் நின்று, படம் எடுப்பதற்காக ஒரு ஜெர்பராவைக் கிள்ளினார். கிள்ளவே தேவையில்லாமல் காம்பு முழுக்கக் கையோடு வந்துவிட்டது. அடியில் வியாபாரி போட்ட ரப்பர் பேண்டு.

அமைச்சர் ரப்பர் பேண்டைப் பார்த்தார். சத்தியசீலனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரப்பர் பேண்டைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூவை உயர்த்திப் பிடித்துப் படத்துக்குச் சிரித்தார். அரசியலில் முப்பது வருஷம் சும்மாவா இருந்திருக்கிறார்.

மேடையில் பேசும்போது சொன்னார்: "மூணு நாளைக்கு முன்னாடி இங்க ஆலங்கட்டி மழை. ஒரு பூ இல்லன்னு கேள்விப்பட்டேன். இன்னிக்கு வந்து பாத்தா நந்தவனம். ராத்திரியோட ராத்திரியா பூ பூக்க வெக்கிற ஒரு அதிகாரி இங்க இருக்காரு. இந்த மாதிரி ஆளு நமக்கு வேணும். நான் இருக்கிற வரைக்கும் கலியமூர்த்திய இந்தப் பூங்காவ விட்டு யாரும் மாத்தக் கூடாது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது சும்மா இருக்க முடியாது.

மே 19, திங்கள்

கடைசி அறிக்கை: 100. செருகியதெல்லாம் வாடிவிட்டது. சுற்றுலா வந்தவர்கள் ஒருவரும் பாத்தியைப் பார்க்கவில்லை. குடைமிளகாயில் செய்த மயிலுக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மே 21, புதன்

சத்தியசீலன் போன் செய்தார். "அவரு வாயால சொல்லிட்டாரே, இனிமே நான் எப்பிடி உங்க ஃபைல நகத்துவேன்? ஒங்கள யாரு இவ்ளோ நல்லாப் பண்ணச் சொன்னா?" உண்மையிலேயே என்மேல் வருத்தப்பட்டார்.

ஊருக்குப் பேசினேன். தில்லை முழுவதையும் கேட்டாள். "சரி. சாப்டீங்களா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு இளமதி.

"அப்பா, உங்க பூவு நூறு சதவீதம்னு டிவில சொன்னாங்க."

"ஆமாம்மா."

"அப்பறம் ஏன் உங்கள விட மாட்டேங்கறாங்க?"

"நல்லாப் பூத்ததாலதாம்மா."

அவள் போனை வைத்துவிட்டாள். அங்கே மழையா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மே 28, புதன்

பாத்தியில் செருகிய குச்சிகளையெல்லாம் பிடுங்கி எரித்தோம். அடியில் என் செடிகள் துளிர்த்து நிற்கின்றன. நல்ல ஈரம், அளவான வெயில். அவற்றுக்கு விழா முடிந்த விஷயம் தெரியாது.

சாக்கை அவிழ்த்தேன். வாழை இலை விரிந்திருக்கிறது. ஒரு கீறல் இல்லை, ஒரு கருகல் இல்லை. இந்த மலையில் எனக்கு முழுசாக வந்த முதல் இலை.

மே 30, வெள்ளி

கீழே வெயில் கொளுத்துவதால் பள்ளி திறப்பை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்களாம். செய்தியில் பார்த்தேன். அரை மணி நேரத்தில் தில்லையின் போன். "ஒரு வாரம் இருக்கு. நாங்க வர்றோம். எனக்கு இழுப்பு வந்தாலும் வரட்டும். கம்பளி இருக்குல்ல?"

இருப்பதாகச் சொன்னேன். அது வாழையின் அடியில் இருந்தது. எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறேன். முழங்கால் வானிலை நிலையத்திடம் கேட்டேன். நாளைக்கு மழை என்றார்கள். அப்படியானால் காய்ந்துவிடும்.

ஜூன் 1, ஞாயிறு

வந்துவிட்டார்கள். பேருந்தை விட்டு இறங்கியதும் இளமதி என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், பக்கத்தில் நின்றுகொண்டே, "அங்க மழையாப்பா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டாள்.

ஜூன் 5, வியாழன்

இன்று காலை பாத்தி முழுக்கப் பூ. ஏப்ரலில் பூத்ததைவிட அடர்த்தியாக. அமைச்சர் இல்லை, மயில் இல்லை, கூட்டம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஆரோக்கியமேரியும் மட்டும். அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன். 'விழா முடிந்ததால் பூத்தல் அறிக்கை இனி தேவையில்லை' என்றார்கள். இளமதி மஞ்சள் பாத்திக்கும் ஊதாப் பாத்திக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். தில்லை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். "நீங்க போன்ல சொன்னதவிட நல்லாவே இருக்கு" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆரோக்கியமேரி, "சார் அன்னிக்கு நான் சொன்னதக் கேட்டிருந்தா இந்நேரம் உங்க ஊருல இருந்திருப்பாரும்மா" என்று ஆரம்பித்து, ராஜபாண்டி, ஆலங்கட்டி, தேநீர், ஓசூர் லாரி என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

தில்லை என் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள். சமைத்து முடித்ததும் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் எழுந்து வாசற்படிக்குப் போவதற்குள் அந்த இலையோடு திரும்பி வந்தாள்.

அதை மூன்றாக நறுக்கித் தரையில் போட்டாள். நடுத்துண்டு இளமதிக்கு, அடித்துண்டு அவளுக்கு. நுனி இலையை எனக்குப் போட்டாள். விருந்தாளிக்குப் போடுகிற இலை.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. சாப்பிட்டேன். இரண்டாவது தடவை சோறு போடும்போது, "அடுத்த வருஷம் ஆலங்கட்டி பெஞ்சா, பேசாம டீயக் குடிச்சிட்டு உக்காந்திருக்கணும். தெரியுதா?" என்றாள். தெரிகிறது என்றேன்.

ஜூன் 9, திங்கள்

பருவமழை பிடித்துக்கொண்டது. நேற்று ஊர் போய்ச் சேர்ந்தார்கள், இன்று பள்ளி. சாயங்காலம் போன்.

"அங்க மழையாப்பா?"

"ஆமாம்மா, நல்ல மழை."

"எங்க பெய்யுதுப்பா? நம்ம வாழை கிட்டயா, அந்த மஞ்சப் பூ பாத்தி கிட்டயா? ஊதாப் பூவெல்லாம் கொட்டிருச்சா?"

தெரியவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். "சீக்கிரம் போங்க, நான் வெக்க மாட்டேன், லைன்ல இருக்கேன்" என்றாள். போனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடினேன். மழைக்கோட்டு இன்னும் வரவில்லை.